கிழிந்த நோட்டு, கருகிய நோட்டு: எது செல்லும், எவ்வளவு செல்லும்?

தீ அணைந்த பிறகு ஒரு தகரப் பெட்டியைத் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு நோட்டுக் கட்டு. நான்கு ஓரமும் கரி. மேலே இருக்கும் ஏழெட்டுத் தாள்கள் விரல் பட்டாலே பொடியாகின்றன. ஆனால் நடுவில் இருப்பவற்றுக்கு ஓரம் மட்டும்தான் பழுப்பேறியிருக்கிறது; எண்ணும் படமும் அப்படியே தெரிகின்றன. நெருக்கமாக அடுக்கிய தாள்களுக்கு இடையே காற்றுப் புகாது. அதனால் தீ ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத்தான் உள்ளே வர முடியும்.

இப்படி ஒரு கட்டைக் கையில் எடுத்தவர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். எல்லாம் போயிற்று என்று அள்ளிக் குப்பையில் போடுகிறார்கள். அல்லது, எத்தனை தேறும் என்று பார்ப்பதற்காகக் கட்டைப் பிரித்து உதறுகிறார்கள். முதலாவது பணத்தையே எறிவது. இரண்டாவது அந்தப் பணத்துக்கான சாட்சியத்தை அழிப்பது. இரண்டுமே வேண்டாம்.

சாட்சியம் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். சேதமான நோட்டைப் பற்றிய எல்லா விதிகளும் அந்த ஒரு சொல்லைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. அதைப் பிடித்துக்கொண்டால், எந்த நாட்டு விதியும் உங்களுக்குத் தானாகப் புரியும்.

நோட்டு என்பது உண்மையில் என்ன?

இந்திய ரூபாய் நோட்டிலும் பிரிட்டிஷ் பவுண்டு நோட்டிலும், இதைக் கொண்டு வருபவருக்கு இத்தனை தருவதாக உறுதியளிக்கிறேன் என்ற பொருளில் ஒரு வாசகம் அச்சாகியிருக்கும். ஒரு காலத்தில் அந்த வாசகத்துக்குத் தங்கமாகவோ வெள்ளியாகவோ பொருள் இருந்தது. இன்று அது இல்லை. ஆனால் கணக்கு முறை மாறவில்லை. வெளியிட்ட மைய வங்கியின் கணக்கேட்டில், புழக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு நோட்டும் அந்த வங்கி தர வேண்டிய பொறுப்பாகவே எழுதப்படுகிறது. நோட்டு உங்களுக்குச் சொத்து; வங்கிக்குக் கடன்.

அப்படியானால் நோட்டு எரியும்போது என்ன எரிகிறது? நாட்டின் செல்வம் எரிவதில்லை. ஒரு வயலோ, வீடோ, இயந்திரமோ குறைந்துவிடவில்லை. உங்களிடம் இருந்த கடன் சீட்டு எரிகிறது. நீங்கள் கேட்க முடியாமல் போன தொகை, வெளியிட்டவருக்கு இனிக் கொடுக்க வேண்டாத தொகையாகிவிடுகிறது. நேர்மையாகப் பார்த்தால் அது வெளியிட்டவர் சம்பாதித்த பணம் அல்ல. பல நாடுகளில் சிதைந்த நோட்டை மாற்றித் தர ஏற்பாடு இருப்பதன் நியாயம் இதுதான். பழைய நோட்டை வாங்கி அழித்துவிட்டுப் புதியதைத் தரும்போது கூடுதலாக ஒரு காசும் புழக்கத்துக்கு வருவதில்லை.

சட்டம் மட்டும் இதில் கொஞ்சம் கறாராகவே பேசுகிறது. 1934-ஆம் ஆண்டின் இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 28-ஆவது பிரிவைப் பாருங்கள்: தொலைந்த, திருட்டுப் போன, சிதைந்த, குறையுள்ள நோட்டின் மதிப்பை உரிமையாகக் கேட்க எவருக்கும் இடமில்லை, விதிகளுக்கு உட்பட்டுச் சலுகையாகத் திருப்பித் தரலாம் என்கிறது அது. வாக்குறுதி அச்சிட்ட நோட்டுக்கே இப்படி ஒரு பிரிவு ஏன் தேவைப்பட்டது? காரணம் எளிது. 'என் நோட்டு எரிந்துவிட்டது' என்று வெறுங்கையோடு யாரும் வந்து நிற்கலாம். எரிந்ததா இல்லையா என்று அறிய அந்தத் துண்டைத் தவிர வேறு வழியில்லை. ஒருவேளை அது இன்னொருவர் பையில் பத்திரமாக இருக்கலாம். நாளை அவரும் வந்து கேட்கலாம்.

ஆகவே, சேதமான நோட்டைப் பார்க்கும் அதிகாரியின் மனத்தில் ஒரே கேள்விதான் இருக்கிறது: இதே நோட்டுக்காக இன்னொருவர் வந்து பணம் கேட்க முடியுமா?

பாதிக்கு மேல் என்ற கணக்கு

அந்தக் கேள்விக்கு மிக எளிய விடை, பாதிக்கு மேல் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு முழுப் பணம் என்பது. ஒரு நோட்டின் பாதிக்கு மேற்பட்ட பகுதி ஒரே சமயத்தில் இரண்டு பேரிடம் இருக்க முடியாது அல்லவா? அமெரிக்காவும் யூரோ நாடுகளும் இந்த வழியைப் பின்பற்றுகின்றன. பாதியோ அதற்குக் குறைவோ மட்டும் இருந்தால், மீதிப் பகுதி முற்றிலும் அழிந்துவிட்டது என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் அப்போதும் முழு மதிப்பு கிடைக்கும். எரிந்த வீட்டிலிருந்து வந்த கால்வாசி நோட்டுக்கு முழுப் பணம் கிடைப்பதும், காரணம் சொல்ல முடியாத பாதி நோட்டுக்கு ஒன்றுமே கிடைக்காமல் போவதும் இதனால்தான். சாட்சியம் இருக்கும் பக்கம் பணம் இருக்கிறது.

ஜப்பான் வேறு கணக்கு போடுகிறது. மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ மிஞ்சியிருந்தால் முழுத் தொகை. ஐந்தில் இரண்டு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைவு வரை என்றால் பாதித் தொகை. அதற்கும் குறைந்தால் ஒன்றும் இல்லை. இதை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். நோட்டை எப்படி இரண்டாக வெட்டினாலும், இரண்டு துண்டுகளுக்கும் கிடைக்கும் தொகையைக் கூட்டினால் முகமதிப்பைத் தாண்டவே தாண்டாது. ஐந்தில் மூன்று, ஐந்தில் இரண்டு என்று வெட்டினால் பாதியும் பாதியும் சேர்ந்து சரியாக முழுத் தொகை. மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்றால் ஒருவருக்கு முழுவதும், மற்றவருக்குச் சுழியம். யாரோ பொறுமையாக உட்கார்ந்து யோசித்து வரைந்த எல்லைகள் இவை.

இந்தியாவில் நோட்டுத் திருப்பித் தரும் விதிகள் 2009-இல் வந்தன; 2018-இல் திருத்தப்பட்டன. 20 ரூபாய் வரையிலான நோட்டுகளுக்குப் பாதிக்கு மேல் இருந்தால் முழுத் தொகை, இல்லாவிட்டால் எதுவும் இல்லை. 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் மூன்று படிகள்: 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுத் தொகை, 40 முதல் 80 சதவீதம் வரை பாதித் தொகை, 40-க்குக் கீழே இருந்தால் இல்லை. ஒரே நோட்டின் இரண்டு துண்டுகளும் தனித்தனியாக 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, இரண்டையும் ஒருவரே கொண்டுவந்தால் முழு மதிப்பு உண்டு. இந்த விதியில் பலரும் கவனிக்காமல் விடும் சொற்கள் 'பிரிபடாத மிகப்பெரிய ஒற்றைத் துண்டு' என்பவை. நான்கு துண்டுகளை ஒட்டி முழு நோட்டு போலக் காட்டினாலும், அளக்கப்படுவது அவற்றில் மிகப் பெரிய ஒரு துண்டுதான்.

ஆஸ்திரேலியாவின் முறை எனக்கு மிகவும் பிடித்தது. காணாமல் போனது 20 சதவீதத்துக்கும் குறைவு என்றால் முழுத் தொகை. 80 சதவீதத்துக்கும் அதிகம் என்றால் இல்லை. இடைப்பட்டவற்றுக்கு எவ்வளவு மிஞ்சியதோ அவ்வளவு. 70 சதவீதம் இருந்தால் 70 சதவீதத் தொகை. ஒரு சதவீதம் குறைந்ததற்காகப் பாதிப் பணம் போய்விடும் கொடுமை, நடுவே உள்ள அந்த நீண்ட பரப்பில் இல்லை.

ஒட்டுப் போட்ட நோட்டின் மேல் சந்தேகம் ஏன்?

'ஒற்றைத் துண்டு' என்ற விதி எதற்கு என்று புரிய ஒரு பழைய மோசடியைப் பார்க்க வேண்டும். ஒருவன் ஒரே மதிப்புள்ள ஒன்பது நோட்டுகளை வரிசையாக வைக்கிறான். முதல் நோட்டை இடது ஓரத்திலிருந்து பத்தில் ஒரு பங்கில் செங்குத்தாக வெட்டுகிறான். இரண்டாவதைப் பத்தில் இரண்டு பங்கில், மூன்றாவதைப் பத்தில் மூன்று பங்கில். இப்படியே ஒன்பதாவது வரை. பிறகு முதல் நோட்டின் இடது துண்டை இரண்டாவதின் வலது துண்டோடும், இரண்டாவதின் இடது துண்டை மூன்றாவதின் வலது துண்டோடும் ஒட்டிக்கொண்டே போகிறான். கடைசியில் எண்ணிப் பார்த்தால் பத்து நோட்டுகள். ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்குதான் குறைவு; அவசரக் கண்ணுக்கு ஓரம் கொஞ்சம் தேய்ந்த நோட்டு போலத் தெரியும். ஒன்பது பத்தாகிவிட்டது.

இதைக் காட்டிக்கொடுப்பது எது? பல நாட்டு நோட்டுகளில் வரிசை எண் ஒரு முறை இடப்பக்கமும் ஒரு முறை வலப்பக்கமும் அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக அப்படி அச்சிடவில்லை. ஒட்டிய நோட்டில் இரண்டு எண்களும் வேறாக இருந்தால், துண்டுகள் இரண்டு வெவ்வேறு நோட்டுகளிலிருந்து வந்தவை என்பது உடனே வெளிப்பட்டுவிடும். டேப் ஒட்டிய நோட்டு உங்கள் கைக்கு வரும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு எண்களைத்தான். ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் தற்செயலாகக் கிழிந்த அப்பாவி நோட்டு. வேறாக இருந்தால் வாங்காதீர்கள்.

அழுக்கு, கிழிசல், கிறுக்கல், கறை

எல்லாச் சேதமும் ஒன்றல்ல. கை மாறி மாறி அழுக்கேறிய, மடிந்து நைந்த நோட்டு எங்கும் முழு மதிப்புள்ள நோட்டுதான். அதைச் சாதாரண வங்கிக் கிளையே மாற்றித் தரும். இந்தியாவில், ஒரே நோட்டின் இரண்டு துண்டுகள் சேர்ந்து எதுவும் குறையாமல் முழு நோட்டாகுமானால், அதுவும் இந்த அழுக்கு நோட்டு வகையிலேயே சேரும். பகுதி காணாமல் போனது, இரண்டுக்கு மேற்பட்ட துண்டானது ஆகியவை சிதைந்த நோட்டுகள். மேலே சொன்ன கணக்கெல்லாம் இவற்றுக்குத்தான். மொறுமொறுப்பாகக் கருகியவை, பிரிக்கவே முடியாமல் ஒட்டிக்கொண்டவை போன்றவற்றைக் கிளைகள் வாங்குவதில்லை. ரிசர்வ் வங்கியின் நோட்டு வெளியீட்டு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

பேனாக் கிறுக்கல் பற்றி வதந்திகள் நிறைய. இந்தியாவில் ஏதோ பெயரோ கூட்டல் கணக்கோ எழுதிய நோட்டு செல்லாததாகிவிடுவதில்லை. அழுக்கு நோட்டாகக் கருதி வங்கி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அரசியல் முழக்கமோ செய்தியோ எழுதிய நோட்டு சட்டப்பூர்வ செலாவணி என்ற தகுதியையே இழக்கிறது. வேண்டுமென்றே வெட்டியது, கிழித்தது என்று தெரிந்தாலும் மாற்றித் தர மாட்டார்கள். கொண்டு வந்தவருக்குக் கோபம் வரலாம், ஆனால் அந்த விதியில் நியாயம் இருக்கிறது: தற்செயலாக இழந்தவருக்காக ஏற்படுத்திய சலுகை அது.

கறைகளில் ஒன்றுக்கு மட்டும் தனி எச்சரிக்கை வேண்டும். யூரோ நாடுகள் உள்ளிட்ட பல இடங்களில் பணம் கொண்டுபோகும் பெட்டிகளிலும் ஏடிஎம் இயந்திரங்களிலும் மைக்குப்பி வைத்திருக்கிறார்கள். திருடன் உடைத்தால் மை வெடித்து நோட்டுகளில் படிந்துவிடும். ஓரத்திலிருந்து உள்ளே பரவிய அடர்ந்த நிறக் கறையோடு ஒரு நோட்டு வந்தால் அது திருட்டுப் பணமாக இருக்க வாய்ப்புண்டு. அதை ஏற்காமல் திருப்பித் தருவதே நல்லது.

கடைக்காரர் மறுக்கலாமா? சேதப்படுத்துவது குற்றமா?

சட்டப்பூர்வ செலாவணி என்றால், பட்ட கடனைத் தீர்க்க அந்தப் பணத்தைச் சட்டம் ஏற்கிறது என்று பொருள். ஒவ்வொரு விற்பனையாளரும் ஒவ்வொரு கிழிந்த தாளையும் வாங்கியே தீர வேண்டும் என்று பொருளல்ல. கிழிந்த நோட்டைக் கடைக்காரர் மறுத்தால் நோட்டு செத்துவிட்டதாக எண்ண வேண்டாம். அவர் பயப்படுவது, தன்னிடமிருந்து அடுத்தவர் வாங்க மாட்டாரே என்றுதான். மதிப்பை முடிவு செய்யும் இடம் கடை அல்ல, வங்கி.

தோற்றத்துக்கும் சட்டத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு 2016 நவம்பர் 8 நல்ல உதாரணம். அன்று இந்தியாவில் அப்போதைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மடிப்புக் கலையாத நோட்டுகள் ஒரே இரவில் செலாவணித் தகுதியை இழந்தன. அதே இரவில், யாரிடமோ இருந்த ஓரம் கருகிய 100 ரூபாய் நோட்டு தன் தகுதியோடு அப்படியே இருந்தது.

சேதப்படுத்துவது குற்றமா என்பதற்கு நாட்டுக்கு நாடு விடை மாறும். அமெரிக்காவில், மீண்டும் புழக்கத்துக்கு விட முடியாதபடி செய்யும் நோக்கத்தோடு நோட்டைச் சிதைப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். பிரிட்டனின் 1928-ஆம் ஆண்டுச் சட்டம் நோட்டின் மேல் எழுத்துகளை அச்சிடுவதையும் முத்திரை குத்துவதையும் தடுக்கிறது. ஜப்பானில் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் நாணயங்களைச் சிதைப்பதைத் தடை செய்கிறது. அது தாள் நோட்டைத் தொடவில்லை. யூரோ விஷயத்தில் ஐரோப்பிய ஆணையம் 2010-இல் தந்த பரிந்துரை, கலைப் படைப்புக்காகச் சில நோட்டுகளைச் சிதைத்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது; ஆனால் அவை மீண்டும் புழக்கத்துக்குத் தகுதியற்றவை. இந்த நாடுகள் எதிலும் தற்செயலாகச் சேதமான நோட்டை வைத்திருப்பது குற்றமல்ல. வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்து வைக்க வேண்டியதில்லை.

தாளா, பாலிமரா?

நோட்டுக் காகிதம் மரக்கூழ்க் காகிதம் அல்ல. அமெரிக்க டாலரில் 75 சதவீதம் பருத்தி, 25 சதவீதம் லினன்; இந்திய நோட்டு முழுக்கப் பருத்தி. சட்டைப் பையில் மறந்துவிட்ட நோட்டு துவைத்த பிறகும் உயிரோடு வருவது இதனால்தான். பாலிமர் எனப்படும் பிளாஸ்டிக்கில் இன்று புழங்கும் வகை நோட்டு 1988-இல் ஆஸ்திரேலியாவில் முதன்முதலில் வந்தது. நீர் அதை ஒன்றும் செய்யாது, கிழிப்பதும் கடினம். ஆனால் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு விழுந்துவிட்டால் அங்கிருந்து சரசரவென்று கிழிந்துவிடும். சூடு அதற்குப் பகை. இஸ்திரிப் பெட்டியில் மாட்டினால் சுருங்கிவிடும்.

சேகரிப்பாளர்கள் தரும் விலை வேறு உலகம். அங்கே மடிப்பும் ஊசித் துளையும் விலையைக் குறைக்கும். அச்சகத்திலேயே நேர்ந்த பிழை விலையைக் கூட்டலாம். பிறகு கிழிந்த கிழிசல் கூட்டாது. பழைய நோட்டு ஒன்று கையில் இருந்தால் டேப் ஒட்டாதீர்கள், கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள்.

கையில் எடுக்கும் முறை

அமெரிக்காவில் சிதைந்த பணத்தைப் பரிசோதிப்பதற்கென்றே, நோட்டு அச்சிடும் அரசு நிறுவனத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் அங்கே வருகின்றன, கட்டணம் கிடையாது. அவர்கள் தரும் அறிவுரைகள் எந்த நாட்டு நோட்டுக்கும் பொருந்தும், ஏனென்றால் அவை துண்டுகளைக் காப்பாற்றுவது பற்றியவை. தட்டையாக இருந்தபோது சேதமான நோட்டைச் சுருட்டவோ மடிக்கவோ கூடாது. சுருளாக இருந்ததை விரிக்கக் கூடாது. பணப்பையிலோ பெட்டியிலோ இருந்தால், வெளியே எடுப்பதால் மேலும் சிதையும் என்றால், அதோடே அனுப்ப வேண்டும். நொறுங்கும் நிலையில் இருப்பவற்றை அலுங்காமல் பஞ்சும் பிளாஸ்டிக்கும் வைத்துப் பொதிய வேண்டும்.

கிழிந்த நோட்டு ஒன்றிரண்டுதான் என்றால், அதே மதிப்புள்ள நல்ல நோட்டின் மேல் துண்டை வைத்துப் பாருங்கள். எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கண்ணாலேயே கணிக்கலாம். கரையான் அரித்ததா, நீரில் ஊறியதா, தீயில் கருகியதா என்பதையும், எப்போது, எங்கே வைத்திருந்தபோது என்பதையும் உடனே எழுதி வையுங்கள். தீயணைப்புத் துறையோ காவல் துறையோ கொடுத்த தாள் இருந்தால் சேர்த்து வையுங்கள். மீதி அழிந்ததற்குச் சாட்சியம் கேட்கும் நாடுகளில், பாதிக்குக் குறைந்த நோட்டுக்காக அந்தத் தாள்தான் வாய் பேசும்.

சாம்பலையும் கூட்டித் தள்ளிவிடாதீர்கள். ஜப்பானில், சாம்பல் நோட்டின் பகுதிதான் என்று அடையாளம் தெரிந்தால் அதையும் பரப்பளவில் சேர்த்துக்கொள்கிறார்கள். 2011 மார்ச் மாத நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கிய பகுதிகளில், சேறு படிந்தும் எரிந்தும் போன நோட்டுகளை மக்கள் அந்நாட்டு மைய வங்கியின் கிளைகளுக்குக் கொண்டுவந்து மாற்றிச் சென்றார்கள். தகரப் பெட்டியில் கரிந்து கிடக்கும் அந்தக் கட்டை, மூடியைத் திரும்ப மூடி, சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பெட்டியோடே எடுத்துப் போங்கள்.